எடை குறைக்குற பைபாஸ் பண்ணி 16 மாசம், கால்சியம் நார்மல், ஆனா பி.டி.எச் 128. மாத்திரை எடுக்குற முறையில தப்பா?

சேலத்துப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு தான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போயிடுச்சுன்னா பொறுத்துக்கங்க. வயசு 41. மினி பைபாஸ் பண்ணி 16 மாசம் ஆச்சு. 112 கிலோல இருந்து இப்ப 71. சுகர் மாத்திரை நிப்பாட்டியாச்சு, முட்டி வலி போயிடுச்சு, அந்த விஷயத்துல மனசுக்கு நிறைவா தான் இருக்கு.

பிரச்சனை என்னன்னா ஒரு மூணு மாசமா ராத்திரி படுத்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்குது, தூக்கத்துல கத்திக்கிட்டு எழுந்து உக்காந்துடுறேன், வீட்டுக்காரர் தேய்ச்சு விடுவார். விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி வேற இருக்கு. பக்கத்துல பாக்குற டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். கால்சியம் 8.9, நார்மல். வைட்டமின் டி 13. நானே கேட்டு பி.டி.எச் (பாராதைராய்டு ஹார்மோன்) எடுத்தேன், அது 128 வந்திருக்கு, ரிப்போர்ட்ல 15ல இருந்து 65 வரைக்கும் தான் இருக்கணும்னு போட்டிருக்கு. டாக்டர் பாத்துட்டு "கால்சியம் நார்மல் தானம்மா, விடுங்க"ன்னுட்டார்.

நான் ஒரு நாள் கூட மாத்திரை விட்டதில்ல, சத்தியமா. காலையில பசங்கள ஸ்கூலுக்கு அனுப்புற அவசரத்துல மறந்துடும்னு எல்லாத்தையும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே வாய்ல போட்டுடுவேன். கால்சியம் கார்பனேட் 500 ரெண்டு, இரும்பு ஒண்ணு, மல்டிவைட்டமின் ஒண்ணு. காலையில வெறும் வயித்துல ஆசிட்டைக் குறைக்குற பான்டோப்ரசோல், அது ஆபரேஷன்ல இருந்தே ஓடுது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு குடுத்த சீட்டுல "கால்சியம் 1-0-1, இரும்பு 0-0-1"னு மட்டும் தான் இருந்துச்சு, ஏன் எப்படின்னு யாரும் உக்கார வச்சு சொல்லல. இதுல எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

முத்து_திருச்சி

அக்கா, முதல்ல பயப்படாதீங்க. எனக்கு ஸ்லீவ் (வயித்துப் பையை மட்டும் சின்னதாக்குற ஆபரேஷன்) பண்ணி ஆறு வருஷம் ஆச்சு, இதே கதை எனக்கும் நடந்துச்சு. இரும்பையும் கால்சியத்தையும் சேத்துப் போடவே கூடாது, ரெண்டும் குடல்ல ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும், இரும்பு உள்ள ஏறாது. இன்னொண்ணு, ரெண்டு கால்சியத்தை ஒரே நேரத்துல போட்டா பாதி வீண் தான். மீதியை நிர்மலா மேடம் வந்து சொல்லுவாங்க, அவங்க இந்த ஆபரேஷன் பண்ணவங்க வார்டுலயே டயட்டீஷியனா வேலை பாக்குறவங்க.

நிர்மலா_டயட்_கோவை

சேலத்துப்பொண்ணு, நீங்களே கேட்டு பி.டி.எச் எடுத்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்ல வேலை. நிறைய பேர் கால்சியம் மட்டும் பாத்துட்டு நார்மல்னு நிம்மதியா இருந்துடுறாங்க. ரத்தத்துல கால்சியம் குறையக் கூடாதுன்னு உடம்பு எந்த விலையும் குடுக்கும், ஏன்னா இதயம் துடிக்குறதே அதை வச்சு தான். சாப்பாட்டுல இருந்து வரலன்னா கழுத்துல இருக்குற பாராதைராய்டு சுரப்பி பி.டி.எச்சை கூட்டி எலும்புல இருந்து உருவி ரத்தத்துல போடும். அதனால தான் ரிப்போர்ட்ல 8.9 அழகா நிக்குது. அந்த 8.9ஐ உங்க எலும்பு தான் குடுத்துட்டு இருக்கு. இடுப்புலயும் முதுகெலும்புலயும் இருந்து கொஞ்சம் கொஞ்சமா போகும், வலி இருக்காது, வருஷக்கணக்குல தெரியவே தெரியாது.

இப்ப ஏன் உள்ள ஏறலன்னு பாப்போம். கால்சியத்தை வைட்டமின் டியோட உதவியில இழுத்து எடுக்குற முக்கியமான இடம் சிறுகுடலோட ஆரம்பப் பகுதி, டியோடினம். பைபாஸ்ல சாப்பாடு அந்த வழியாவே போறதில்ல, நேரா கீழ இறங்கிடுது. மிச்ச குடல்லயும் ஏறும், ஆனா மெதுவா கொஞ்சமா தான். அதனால ஒரு வேளைக்கு 500, மிஞ்சிப் போனா 600 மி.கிக்கு மேல போட்டா மேல போட்டது மலத்துல போகும். உங்களுக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 1200ல இருந்து 1500, சாப்பாட்டுல இருந்து வர்றதையும் சேத்து. ஸ்லீவுக்கும் அதே அளவு தான். டியோடினல் ஸ்விட்ச், அதாவது குடல்ல இன்னும் அதிகமா தாண்டி விடுற ஆபரேஷன் பண்ணவங்களுக்கு 1800ல இருந்து 2400 வரைக்கும் போகும்.

ரெண்டாவது, கார்பனேட். அது கரையணும்னா வயித்துல ஆசிட் வேணும். உங்களுக்கு வயித்துப் பை சின்னதாயிடுச்சு, இருக்குற கொஞ்ச ஆசிட்டையும் பான்டோப்ரசோல் அடக்கி வச்சிருக்கு. அப்புறம் அந்த மாத்திரை எப்படிக் கரையும்? சிட்ரேட்டுக்கு ஆசிட் தேவையில்ல, சாப்பாட்டோடயும் எடுக்கலாம் இல்லாமலும் எடுக்கலாம், அதனால தான் எங்க ஆளுங்களுக்கு நாங்க சிட்ரேட்னு சொல்றோம். ஆனா ஒரு விஷயம், இதைப் படிச்சுட்டு பான்டோப்ரசோலை நீங்களா நிப்பாட்டிடாதீங்க. மினி பைபாஸ்ல இணைப்பு போட்ட இடத்துல புண்ணு வர வாய்ப்பு இருக்கு, அதுக்காகத் தான் குடுத்திருப்பாங்க. இன்னும் வேணுமான்னு ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட கேளுங்க.

மூணாவது, டி 13ங்கறது ரொம்ப கம்மி. 30க்கு மேல வர்ற வரைக்கும் நீங்க எவ்வளவு கால்சியம் போட்டாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி தான்.

விரல் மரமரப்புக்கு பி12யும் மெக்னீசியமும் கூட காரணமா இருக்கலாம், அதையும் சேத்து எடுத்துடுங்க. கை விரல் தானா மடங்கி இறுகிப் போச்சு, வாயைச் சுத்தி மரத்துப் போகுதுன்னா இங்க எழுதிட்டு காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

சேலத்துப்பொண்ணு

மேடம் படிச்சுட்டு அழுகையே வந்துடுச்சு. 16 மாசமா ஒழுங்கா தானே போட்டேன். யாராவது ஒருத்தர் அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா... சரி விடுங்க. இன்னைக்கே மெடிக்கல்ல சிட்ரேட் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன், 1000 மி.கின்னு போட்டிருக்கு, அப்ப ஒண்ணரை மாத்திரை போட்டா 1500 ஆயிடும் இல்லையா?

முத்து_திருச்சி

அக்கா நில்லுங்க நில்லுங்க!! நான் விழுந்த குழி இதே தான், அதனால தான் இவ்வளவு அவசரமா டைப் பண்றேன்.

அட்டையில பெருசா போட்டிருக்குற 1000ங்கறது கால்சியம் சிட்ரேட்ங்கற மொத்த உப்போட எடை. அதுக்குள்ள நிஜமா இருக்குற கால்சியம் 21 சதவீதம் தான், அதாவது ஒரு மாத்திரைக்கு 210 மி.கி. கார்பனேட்ல 40 சதவீதம், அதனால தான் 1250 மி.கி கார்பனேட் மாத்திரையில 500 கால்சியம்னு போட்டிருப்பாங்க, ஷெல்கால் 500 அட்டையைத் திருப்பிப் பாத்தா இந்தக் கணக்கு தெரியும். நான் 2021ல கார்பனேட்ல இருந்து சிட்ரேட்டுக்கு மாறினப்போ 1000 மாத்திரை ஒரு நாளைக்கு ரெண்டு, ஆஹா 2000 போகுதுன்னு நெனச்சுட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினேன். நிஜத்துல 420 தான் போயிருக்கு. முன்னாடி இருந்ததை விட மோசம். யாரும் கவனிக்கல, நானும் கவனிக்கல, மருந்துக் கடைக்காரரும் ஒண்ணும் சொல்லல.

அட்டையைத் திருப்புங்க, பின்னாடி பொடி எழுத்துல "எலிமென்டல் கால்சியம்"னு இருக்கும், கூட்ட வேண்டியது அந்த நம்பரை தான். சில கம்பெனி அதைப் போடவே மாட்டாங்க, அப்ப நீங்களே 0.21ஆல பெருக்கிக்கங்க. சிட்ரேட் மேலேட்னு ஒண்ணு கிடைக்கும், அதுல நிறைய அட்டையில 250னு எலிமென்டல் கணக்கையே போட்டிருப்பாங்க, அது கொஞ்சம் வசதி.

சேலத்துப்பொண்ணு

தம்பி, நீங்க மட்டும் எழுதலன்னா நான் இன்னொரு வருஷம் இதையே தான் பண்ணியிருப்பேன். அட்டையைத் திருப்பிப் பாத்தேன், 210 தான். அப்ப நாளைக்கு ஆறு ஏழு மாத்திரை முழுங்கணுமா? மாத்திரை வேற கட்டை விரல் சைசுல இருக்கு, எனக்கு தொண்டையிலயே நிக்குது.

நிர்மலா_டயட்_கோவை

முழு 1500யும் மாத்திரையில தான் வரணும்னு இல்லம்மா. மொத்தம் தான் கணக்கு. 200 மில்லி பால்ல சுமாரா 240 மி.கி இருக்கு, ஒரு கப் தயிர்லயும் கிட்டத்தட்ட அதே அளவு. நீங்க நாளைக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு கப் தயிரும் நிஜமா உள்ள தள்ளுறீங்கன்னா 450 அங்க வந்துடுச்சு. மிச்சம் ஆயிரத்தை நாலு வேளையா பிரிச்சா ஒரு வேளைக்கு 250. மேலேட் 250 ஒவ்வொண்ணா நாலு தடவை, இல்லன்னா 500 வர்ற மாதிரி ரெண்டு தடவை. மாத்திரை பெருசா இருந்தா உடைச்சு, இல்ல பொடி பண்ணி தண்ணியில கலக்கிக் குடிக்கலாம். சப்பி சாப்பிடுற மாதிரியும் வருது. உடைக்கலாமான்னு அந்தந்த மாத்திரைக்குக் கடையில கேட்டுக்கங்க. கரையும்போது நுரைக்குற மாத்திரையை நான் நம்ம ஆளுங்களுக்கு விரும்பமாட்டேன், சின்ன வயித்துல கேஸ் ஏறி அவஸ்தை.

பொன்னி_தஞ்சை

நடுவுல கேக்குறேன்னு நெனைக்காதீங்க. எங்க மாமியார் தினமும் சண்டை, "கேப்பை கூழும் முருங்கைக் கீரையும் தின்னா எந்த மாத்திரையும் வேணாம், நாங்கல்லாம் மாத்திரையா தின்னோம்"ங்கறாங்க. கேழ்வரகுல பாலை விட கால்சியம் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்களே, அது உண்மை இல்லையா? எனக்கும் பைபாஸ், எட்டு மாசம்.

நிர்மலா_டயட்_கோவை

உங்க மாமியார் சொல்றது அவங்க உடம்புக்கு சரி தாம்மா, அவங்க குடல் முழுசா இருக்கு. 100 கிராம் கேழ்வரகுல 350 மி.கி அளவுக்கு கால்சியம் இருக்கு, உண்மை. ஆனா 100 கிராம் மாவுல எத்தனை களி உருண்டை வரும்? உங்களால ஒரு வேளைக்கு கால் உருண்டை சாப்பிட முடியுமா? அதுவும் இல்லாம தானியத்துல பைட்டேட்டுன்னு ஒண்ணு இருக்கு, கால்சியத்தைக் கட்டிப் போட்டு விடாது. முளைகட்டி அரைச்ச மாவா இருந்தா அது கொஞ்சம் குறையும். பாலக்கீரை, பசலை மாதிரி கீரையில ஆக்சலேட் ஜாஸ்தி, அதுல இருக்குற கால்சியம் பேருக்குத் தான். முருங்கை பரவாயில்ல. எள்ளு துவையல், முள்ளோட சாப்பிடுற நெத்திலி, மோர் இதெல்லாம் தாராளமா சேத்துக்கங்க. ஆனா புரோட்டீனை முதல்ல வைங்க, இருக்குற கொஞ்ச இடத்துல கூழை ரொப்பிட்டு முட்டையை விட்டுடாதீங்க. எலும்புக்குப் புரோட்டீனும் வேணும். மாத்திரையை நிப்பாட்ட வேண்டாம், மாமியார்கிட்ட "ரெண்டும் சேத்து பண்றேன் அத்தை"ன்னு சொல்லிடுங்க.

வனஜா_60

எனக்கு தைராய்டும் உண்டு, ஸ்லீவ் போன வருஷம். காலையில தைராக்ஸின் போட்டு ஒரு மணி நேரத்துல கால்சியம் போட்டுட்டு இருந்தேன். டி.எஸ்.எச் (தைராய்டு டெஸ்ட் நம்பர்) ஏறிக்கிட்டே போச்சு, டோஸ் ரெண்டு தடவை கூட்டினாங்க. அப்புறம் வேற டாக்டர் கேட்டப்ப தான் தெரிஞ்சுது கால்சியத்துக்கும் தைராக்ஸினுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும்னு. காலை ஆறுக்குத் தைராக்ஸின், பத்தரைக்கு மேல தான் முதல் கால்சியம்னு மாத்தினேன், நம்பர் தானா இறங்குச்சு. தைராய்டு இருக்குறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கங்க.

அம்பத்தூர்_ரவி

எல்லாரும் கால்சியம் கால்சியம்னு சொல்றீங்க, எனக்கு ஒரு சந்தேகம் இல்ல, கோவமே இருக்கு. எனக்கு பைபாஸ் பண்ணி மூணாவது வருஷம் கிட்னில கல்லு வந்துச்சு. அந்த வலியை அனுபவிச்சவனுக்கு தான் தெரியும், தரையில உருண்டேன். ஸ்கேன் பண்ண இடத்துல "கால்சியம் மாத்திரை சாப்டா கல்லு வரத்தான் செய்யும், உடனே நிறுத்துங்க"ன்னுட்டாங்க. நானும் நிறுத்திட்டேன். அடுத்த வருஷமே மறுபடி கல்லு. நிறுத்தின அப்புறமும் எப்படி வந்துச்சு, யாராவது சொல்லுங்க.

நிர்மலா_டயட்_கோவை

ரவி சார், நிறுத்தினதும் ஒரு காரணமா இருக்கலாம். சொன்னா நம்பக் கஷ்டமா இருக்கும், ஆனா கேளுங்க. நம்ம பக்கம் பொதுவா வர்ற கல்லு கால்சியம் ஆக்சலேட். சாதாரணமா சாப்பாட்டுல இருக்குற ஆக்சலேட்டை குடலுக்குள்ளயே கால்சியம் கட்டிப் பிடிச்சு மலத்தோட வெளிய கொண்டு போயிடும். பைபாஸ்க்கு அப்புறம் கொழுப்பு சரியா செரிக்காம குடல்ல மிஞ்சும், அந்தக் கொழுப்பு போய் கால்சியத்தைப் பிடிச்சுக்கும். இப்ப ஆக்சலேட்டைப் பிடிக்க ஆள் இல்ல, அது சும்மா ரத்தத்துல ஏறி கிட்னிக்குப் போய் அங்க கல்லா உக்காரும். அதனால பைபாஸ் ஆளுங்களுக்குக் கால்சியத்தை நிறுத்தினா குடல்ல காவல் இல்லாமப் போயிடும்.

உங்களுக்கு நான் சொல்றது, சிட்ரேட்டை வெறும் வயித்துல எடுக்கலாம்னாலும் நீங்க சாப்பாட்டோடயே எடுங்க, அப்ப தான் அந்தச் சாப்பாட்டுல இருக்குற ஆக்சலேட்டைப் பிடிக்கும். சிட்ரேட்டுக்கே சிறுநீர்ல கல்லு கட்ட விடாம தடுக்குற குணமும் இருக்கு. தண்ணி நாளெல்லாம் வாய் வாயா குடிச்சுக்கிட்டே இருங்க. 24 மணி நேர சிறுநீர் டெஸ்ட் ஒண்ணு எடுத்து ஆக்சலேட், சிட்ரேட், கால்சியம் மூணும் பாத்துட்டு யூரோ டாக்டரும் ஆபரேஷன் பண்ண டாக்டரும் சேந்து முடிவு பண்ணட்டும்.

அம்பத்தூர்_ரவி

மேடம், ரெண்டு வருஷமா இதை எனக்கு இப்படி விளக்கின முதல் ஆள் நீங்க தான். அந்த 24 மணி நேர டெஸ்ட்டை இந்த வாரமே எடுக்குறேன். ரொம்ப நன்றி.

யாழினி_டொராண்டோ

வணக்கம், நான் கனடாவில இருந்து. எனக்கு ஸ்லீவ் செய்து ரெண்டு வருசம். இஞ்ச கடையளில சிட்ரேட் சப்பிற குளிசை லேசா கிடைக்கும், ஒண்டில 500 போட்டிருக்கும், ஆனா அதிலயும் சிலது ஒண்டு இல்ல, ரெண்டு குளிசைக்குத் தான் 500 எண்டு சின்ன எழுத்தில இருக்கும், நான் அதில ஏமாந்தனான். ஒரு வேளைக்கு எத்தனை குளிசை எண்டதையும் வாசியுங்கோ. மற்றது, குளிர்காலத்தில வெயிலே இல்லாதபடியால எனக்கு டி சரியா விழுந்திட்டுது, இப்ப ஒவ்வொரு நாளும் 3000 அலகு எடுக்கிறன்.

முத்து_திருச்சி

இங்க மட்டும் வெயிலுக்குப் பஞ்சமா யாழினி அக்கா, ஆனா நாங்களும் ஏசி ஆபீஸ்குள்ளயே கிடக்கோம், எனக்கும் 11 தான் இருந்துச்சு. நம்ம ஊர்ல டாக்டருங்க 60,000 அலகு வாரம் ஒண்ணுன்னு எட்டு வாரம் எழுதுவாங்க. அந்த எட்டு வாரம் முடிஞ்சதும் நிறைய பேர் மொத்தமா விட்டுடுறோம், ஆறு மாசத்துல பழைய இடத்துக்கே வந்துடும். அதுக்கப்புறம் என்னன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. மாசம் ஒண்ணு போட்டா கணக்குக்கு நாளைக்கு 2000 தான் வருது, அது சில பேருக்குப் பத்தாது. அதே நேரம் வாரத்துக்குப் போட வேண்டியதை தினமும்னு தப்பா புரிஞ்சு போட்டு ஆஸ்பத்திரியில படுத்தவங்களும் உண்டு, எங்க சித்தப்பாவே அப்படி. ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, குழப்பமான பேச்சு, வீடே பயந்துடுச்சு. தயவு செஞ்சு சீட்டுல வாரமா தினமுமான்னு ரெண்டு தடவை பாருங்க. கொஞ்சம் எண்ணெய் நெய் இருக்குற சாப்பாட்டோட போடுங்க, அப்ப தான் நல்லா ஏறும்.

ஹாஜிரா_நாகூர்

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் வருது, போன வருஷம் நோன்பு முப்பதும் வச்சேன், ஆனா மாத்திரை எல்லாம் குழம்பிப் போச்சு, நோன்பு திறந்ததும் எல்லாத்தையும் சேத்து போட்டுட்டேன், பெருநாள் முடிஞ்சு எடுத்ததுல இரும்பு ரொம்ப இறங்கி இருந்துச்சு. பைபாஸ் பண்ணி மூணு வருஷம். இந்தத் தடவை எப்படிப் பிரிக்குறது?

நிர்மலா_டயட்_கோவை

வ அலைக்கும் ஸலாம் ஹாஜிரா. நோன்பு வைக்கலாமாங்கறதை முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, கல்லு வந்த வரலாறு இருந்தா கண்டிப்பா கேக்கணும். சரின்னாங்கன்னா நான் இப்படி எழுதிக் குடுப்பேன்: நோன்பு திறந்து கஞ்சியெல்லாம் குடிச்ச அப்புறம் 500. தராவீஹ் தொழுகை முடிஞ்சு வந்து பத்து மணிக்கு மேல, சாப்பாட்டோட இன்னொரு 500. விடியறதுக்கு முன்னாடி சஹர்ல எழுந்ததும் முதல் வேலையா இரும்பு, கொஞ்சம் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேத்து, டீ காபி இல்லாம. அந்த நேரத்துல கால்சியமும் வேணாம், பாலும் வேணாம். பத்து மணிக்கும் சஹருக்கும் நடுவுல ஆறு மணி நேரம் இருக்கு, இரும்புக்கும் கால்சியத்துக்கும் ரெண்டு மணி நேரமாவது வேணும்ங்கறது தாராளமா நடந்துடும். உங்க மல்டிவைட்டமின்லயும் இரும்பு இருக்கான்னு பாத்துக்கங்க, இருந்தா அதையும் சஹருக்கே தள்ளிடுங்க.

ஹாஜிரா_நாகூர்

ஜஸாகல்லாஹ் ஹைரன் மேடம். மல்டிவைட்டமின்ல இரும்பு இருக்கு, இவ்வளவு நாளா பாக்கவே இல்ல. எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன்.

சேலத்துப்பொண்ணு

நாலு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, ரிப்போர்ட் வந்த அப்புறம் தான் எழுதணும்னு இருந்தேன்.

ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே போய் இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன். கோவப்படுவார்னு நெனச்சேன், ஆனா உக்கார வச்சு பேசினார். என்டோஸ்கோப்பி பாத்துட்டு புண்ணு இல்லன்னு பான்டோப்ரசோலை மெதுவா குறைச்சு நிப்பாட்டினார். டி 60,000 வாரம் ஒண்ணு எட்டு வாரம், இப்ப தினமும் 3000. பி12யும் கம்மியா இருந்துச்சு, ஊசி போட்டாங்க.

என் நாள் இப்ப இப்படிப் போகுது. காலை டிபனோட ஒரு 250. பதினோரு மணிக்கு மோர் குடிக்கும்போது ஒண்ணு. மதியம் சாப்பாட்டோட ஒண்ணு. ஆறு மணிக்குச் சுண்டலோட ஒண்ணு. ராத்திரி ஒன்பதரைக்கு இரும்பு மட்டும், பக்கத்துல வேற எதுவும் இல்ல. ஆரம்பத்துல அந்தப் பதினோரு மணி மாத்திரையை மறந்துக்கிட்டே இருந்தேன், அப்புறம் மோர் பாட்டில் மூடியிலயே ஒரு சின்ன டப்பா கட்டி வச்சுட்டேன், இப்ப மறக்குறதில்ல. ஒரு வேளை விட்டுப் போச்சுன்னா அடுத்த வேளையில ரெண்டா போடுறதில்ல, விட்டது விட்டது தான்.

பி.டி.எச் 128ல இருந்து 71. டி 34. கால்சியம் 9.2. கால் இழுக்குறது ஒரு மாசத்துலயே குறைஞ்சுடுச்சு, போன ரெண்டு மாசத்துல ஒரே ஒரு தடவை தான். நேத்து ராத்திரி வீட்டுக்காரர் "என்ன, இப்பல்லாம் எழுப்பவே மாட்டேங்கிற"ன்னு கேட்டார்.

முத்து தம்பி, நிர்மலா மேடம், உங்க ரெண்டு பேரையும் நேர்ல பாத்ததில்ல, ஆனா எங்க வீட்டுல தினமும் உங்க பேர் வருது.

நிர்மலா_டயட்_கோவை

ரொம்ப ரொம்ப சந்தோஷம்மா. 71ங்கறது இன்னும் கொஞ்சம் இறங்கணும், ஆறு மாசம் கழிச்சு மறுபடி பி.டி.எச், டி ரெண்டும் எடுங்க. ஆபரேஷன் ரெண்டு வருஷம் முடியுற சமயத்துல டெக்ஸா ஸ்கேன் ஒண்ணு எடுத்துடுங்க, இடுப்பெலும்பு எந்த நிலைமையில இருக்குன்னு தெரிஞ்சுடும். நடைப்பயிற்சியோட வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட் தூக்குற பயிற்சியும் ஆரம்பிங்க, தண்ணி ரொப்பின ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு போதும்.

பொன்னி_தஞ்சை

மேடம், எங்க மாமியாருக்கு 68 வயசு, இதெல்லாம் படிச்சுக் காட்டினதும் "எனக்கும் அந்த டி டெஸ்ட்டு எடுத்து விடு"ன்னு கேக்குறாங்க. நாளைக்கு கூட்டிட்டுப் போறேன்.